விக்கலுக்கு ஊரெல்லாம் வைத்தியர்

கி.மு. 416ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரில், நாடகப் போட்டியில் பரிசு வாங்கிய அகத்தோன் வீட்டில் ஒரு விருந்து. காதலைப் பற்றி ஆளுக்கொரு சொற்பொழிவு என்று ஏற்பாடு. நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் பேச வேண்டிய முறை வந்த நேரம் பார்த்து அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அளவுக்கு மீறிச் சாப்பிட்டதாலோ வேறு எதனாலோ என்று பட்டும் படாமலும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார் பிளேட்டோ. நல்லவேளையாக, அடுத்துப் பேச வேண்டியவர் எரிக்சிமாக்கஸ் என்ற மருத்துவர். விக்கலை நிறுத்து, இல்லாவிட்டால் என் முறைக்கு நீ பேசு என்கிறார் நாடகாசிரியர். மருத்துவர் இரண்டுக்கும் ஒப்புக்கொள்கிறார். அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு இது: முதலில் மூச்சை அடக்கு, கேட்காவிட்டால் தண்ணீரைத் தொண்டையில் விட்டுக் கொப்பளி, அதற்கும் மசியாவிட்டால் மூக்கைக் கிச்சுகிச்சு மூட்டித் தும்மு. மருத்துவர் பேசி முடிப்பதற்குள் விக்கல் நின்றிருந்தது. தும்மல் போட்ட பிறகுதான் நின்றது என்று அரிஸ்டோஃபனிஸ் கிண்டலும் அடிக்கிறார். மேற்கத்தியத் தத்துவத்தின் தலையாய நூல்களில் ஒன்றான 'சிம்போசியம்' நூலில் இந்தக் கூத்து இருக்கிறது.

இந்த 2400 ஆண்டுகளில் விக்கல் வைத்தியம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கும்பகோணம் பக்கம் ஏதாவதொரு கல்யாணப் பந்தியில் போய் உட்கார்ந்தால் போதும்.

சாம்பார் சாதத்தில் மூன்றாவது கவளம் இறங்கும்போது கல்லூரிப் பையன் ஒருவனுக்கு 'விக்' என்கிறது. பக்கத்து இலைப் பெரியப்பா அப்பளத்தைக் கீழே வைக்காமலே தொடங்குகிறார். "தண்ணியக் குடிடா. ஏழு மடக்கு. நடுவுல மூச்சு விடக் கூடாது." மறுபக்கத்து அத்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. "யாரோ நினைக்கிறாங்கடா. ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாரு, சரியான பேர் வந்ததும் நின்னுடும்." பையன் எந்தப் பேரைச் சொல்வான்? அம்மா எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குள் சித்தப்பா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "மொய்ப் பையிலேர்ந்து ரெண்டு கவரைக் காணோமாம். நீதானே எடுத்தே?" என்கிறார். மண்டபமே திரும்பிப் பார்க்கிறது. விக்கல் மட்டும் திரும்பிப் பார்க்காமல் தன் வேலையைத் தொடர்கிறது. பரிமாறுகிறவர்கூடச் சும்மா போவதில்லை; ரசவாளியை இறக்கி வைத்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறார். ஓர் அம்மாள் பாயசத்துக்கு வைத்திருந்த சர்க்கரையில் ஒரு கரண்டி கொண்டுவந்து வாயில் கொட்டுகிறாள்.

விக்கல் நின்றுவிட்டது. "நான் சொல்லலே?" என்கிறாள் அந்த அம்மாள். பெரியப்பாவுக்குச் சுருக்கென்கிறது. அவருடைய ஏழு மடக்குதான் மெதுவாக வேலை செய்திருக்கிறது என்பது அவர் கட்சி. சித்தப்பா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பையனுக்கு விக்கல் போய்விட்டது. மொய்த் திருடன் என்ற பட்டம் மட்டும் சாயங்கால ரிசப்ஷன் வரை கூடவே வந்தது.

இந்தத் தகராறில் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் விக்கல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி கவிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சிழுப்பது அதன் தயவால். அது திடீரென்று, நம்மைக் கேட்காமல், வெட்டி இழுக்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. ஏறக்குறைய 35 மில்லி விநாடியில் குரல்வளை படாரென்று மூடிக்கொள்கிறது. அந்தக் கதவடைப்புச் சத்தம்தான் 'விக்'. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்ட சாப்பாடு, சோடா, சாராயம், சூடும் காரமும் மாறி மாறி இறங்குவது என்று வயிறு உப்பவும் எரியவும் எது காரணமாக இருந்தாலும் இது கிளம்பலாம்.

இதனால் உடம்புக்கு என்ன லாபம்? இன்றுவரை ஒன்றும் தெரிந்தபாடில்லை. தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே குழந்தை விக்குகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் இன்னும் அதிகமாக விக்குகின்றன. 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் இதைத் தலைப்பிரட்டையோடு முடிச்சுப் போட்டார்கள். தலைப்பிரட்டை தண்ணீரைச் செவுள்வழி தள்ளும்போது, அது நுரையீரலுக்குள் போய்விடாமலிருக்கக் குரல்வளையைப் பட்டென்று மூடுமாம். அந்தப் பழைய நரம்புச் சுற்றுதான் நம் மூளையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். 2012இல் இன்னொருவர், இது பால் குடிக்கும் குட்டிகளின் வயிற்றில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் ஏற்பாடு என்றார். பந்தியில் விக்குகிறவன் தவளைக்கு உறவா, கன்றுக்குட்டிக்கு உறவா என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பாட்டி வைத்தியத்துக்கும் கொஞ்சம் விஞ்ஞானம் உண்டு. மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. அது ஏற ஏற விக்கல் மட்டுப்படுகிறது. தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்குவதும் மூக்கைக் குடைந்து தும்முவதும் தொண்டையிலுள்ள நரம்புகளை வேறு வேலையில் இழுத்துவிடுகின்றன. சர்க்கரை விஷயம் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழிலேயே ஏறியது. 1971இல், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில், ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீர் சேர்க்காமல் விழுங்கக் கொடுத்ததில் 20 பேரில் 19 பேருக்கு விக்கல் நின்றதாக எழுதினார்கள். பந்தியில் கரண்டியோடு வந்த அம்மாளுக்குத் தெரிந்தால் இதைச் சட்டம் போட்டு மாட்டுவாள்.

ஆனால் இங்கேதான் சிக்கல். சாதாரண விக்கல் தானாக வருகிறது, சில நிமிடங்களில் தானாகவே போய்விடுகிறது. அது போகிற நேரத்தில் யார் கையில் சர்க்கரை இருந்ததோ அவர் வைத்தியராகிவிடுகிறார். சர்க்கரை வாங்காமல் சும்மா விக்கிக்கொண்டிருக்கும் இன்னொரு 20 பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து அளந்திருந்தால்தான் அந்த 19க்கு அர்த்தம். பெரியப்பாவையும் சித்தப்பாவையும் சொல்லிக் குற்றமில்லை. பட்டம் வாங்கிய டாக்டர்களும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். சிலர் விழுந்ததோடு பரிசும் வாங்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபெஸ்மையர். அவசரப் பிரிவில் அவரிடம் வந்த 27 வயது இளைஞனுக்கு மூன்று நாளாக ஓயாத விக்கல். தொண்டைக்குள் குச்சியை விட்டுக் குமட்ட வைத்தார், நாக்கைப் பிடித்து இழுத்தார், கழுத்து ரத்தக்குழாயைத் தடவினார், கண்விழியை அழுத்தினார். (கடைசி இரண்டையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பார்வைக்கும் உயிருக்கும் ஆபத்து.) ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது அவருக்கு எங்கோ படித்தது ஞாபகம் வந்தது: தாறுமாறாக அடித்த ஒரு நோயாளியின் இதயத்தை, ஆசனவாயில் விரலை விட்டுத் தடவி அடக்கியிருக்கிறார்கள். இதயத்துக்குப் பலித்தது விக்கலுக்குப் பலிக்காதா? கையுறையை மாட்டினார். அரை நிமிடத்துக்குள் விக்கல் நின்றது. அந்த இளைஞன் என்ன சொன்னான் என்று ஃபெஸ்மையர் எழுதவில்லை, நாகரிகமான மனிதர். 1988இல் அவசர மருத்துவ இதழ் ஒன்றில் தலைப்பிலேயே விஷயத்தை உடைத்து அந்த அறிக்கை வெளியானது. இரண்டு வருடம் கழித்து இஸ்ரேலின் ஹைஃபா நகர மருத்துவர்கள், 60 வயதுக்காரர் ஒருவருக்கு அதே வைத்தியம் பலித்ததென்று எழுதினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, 2006இல் இரு தரப்புக்கும் ஹார்வர்டில் சேர்த்து வழங்கப்பட்டது. இந்த ஒரு வைத்தியத்தைக் கல்யாணப் பந்தியில் யாரும் சிபாரிசு செய்ததில்லை.

சிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவர்கள் அதை 48 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறார்கள். இரண்டு நாளைத் தாண்டினால் அது விடாப்பிடி விக்கல். ஒரு மாதத்தையும் தாண்டினால் அடங்காத விக்கல். அந்தக் கட்டத்தில் நோயாளியால் சாப்பிட முடிவதில்லை, தூங்க முடிவதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்தவராக இருந்தால் தையலுக்கும் ஆபத்து. இப்படிப்பட்ட 220 நோயாளிகளின் கதையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1968இல் தொகுத்துப் பார்த்தபோது மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஏன் என்பதற்குத் திருப்தியான பதில் இல்லை. ஆண்கள் சாப்பாட்டில் பறப்பதால்தான் என்று வீட்டுப் பெண்கள் சொல்லும் பதிலை மருத்துவம் இன்னும் ஏற்கவில்லை.

காரணத்தைத் தேடுவது லேசான வேலை இல்லை. உதரவிதானத்தை ஆட்டுவிக்கும் ஃபிரெனிக் நரம்பு கழுத்தெலும்புகளின் நடுவே தொடங்கி, நுரையீரலையும் இதயப் பையையும் உரசிக்கொண்டு கீழே வருகிறது. கூட்டாளியான வேகஸ் நரம்பு மூளைத்தண்டில் புறப்பட்டு, காதுக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, தொண்டை, நெஞ்சு என்று வயிறு வரை போகிறது. இரண்டும் போகிற வழியில் எங்கே சீண்டினாலும் விக்கல் வரலாம். மழை நாளில் தெருவில் கரண்ட் போனால், கம்பி எங்கே உரசுகிறது என்று லைன்மேன் ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டே போவதைப் போலத்தான் டாக்டரும் போக வேண்டும். செவிப்பறையில் ஒரு முடி உரசிக்கொண்டிருந்து, அதை எடுத்ததும் விக்கல் நின்ற ஆசாமிகள் மருத்துவ இதழ்களில் இருக்கிறார்கள். கழுத்தில் தைராய்டு வீக்கம், நெஞ்சில் நிமோனியா, வயிற்று அமிலம் மேலே ஏறுவது, சிறுநீரகம் செயலிழந்து ரத்தத்தில் கழிவு சேர்வது, மாரடைப்பு, மூளைத்தண்டின் பக்கவாதம், ஸ்டீராய்டு மருந்து, மயக்க மருந்து என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். 2020இல் சிகாகோவின் அரசு மருத்துவமனைக்கு நான்கு நாள் விக்கலோடு வந்த 62 வயதுக்காரருக்குக் கடைசியில் கொரோனா என்று தெரிந்தது.

பிரேசில் அதிபராக இருந்த ஜயிர் போல்சனாரோவின் விக்கலை நாடே கேட்டது. 2021 ஜூலையில் பேட்டியிலும் நேரலையிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் விக்கினார். பல் சிகிச்சைக்குப் பிறகு சாப்பிட்ட மருந்தாக இருக்கும் என்று அவரே நோயையும் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பக்கத்திலும் பெரியப்பாக்கள் உண்டு போலும். பத்து நாளுக்கு மேல் ஆகி வயிற்றுவலியும் சேர்ந்துகொள்ள, ஜூலை 14 அன்று மருத்துவமனையில் சேர்த்தபோது, அது குடலடைப்பு. 2018 தேர்தல் பிரசாரத்தில் அவர் வயிற்றில் கத்திக்குத்து வாங்கியிருந்தார்; அதற்குச் செய்த அறுவைச் சிகிச்சைகளின் பின்விளைவு.

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து இளம் பாடகர் ஒருவரின் கதை இன்னும் கொடுமை. பாட்டுக்கு நடுவே விக்கினால் அந்தத் தொழில் என்ன ஆகும்? 2007இல் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் யோகா, ஹிப்னாடிசம் என்று அவர் ஏறாத படி இல்லை. அவர் கதையைக் கேள்விப்பட்டு ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அவரை வரவழைத்தது. அங்கே எடுத்த ஸ்கேனில்தான் மூளைத்தண்டில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. கட்டியின் பெரும்பகுதியை எடுத்த பிறகு விக்கல் விட்டது. வேடிக்கை காட்டக் கூப்பிட்டவர்களால் உயிர் பிழைத்த மனிதர்.

ஆகவே இரண்டு நாள் தாண்டிய விக்கலுக்கு மொய்ப் பை வைத்தியம் உதவாது. அதோடு கை கால் தடுமாற்றம், குரல் மாற்றம், தலைசுற்றல், நெஞ்சுவலி ஏதாவது சேர்ந்தால் இரண்டு நாள் காத்திருப்பதே தப்பு.

நம் பக்கத்துப் பழைய வைத்தியர்கள் இதை அலட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை. ஆயுர்வேதத்தில் சரகர் விக்கலை ஐந்து வகையாகப் பிரித்தார். சாப்பாட்டால் வருவதற்குத் தனிப் பெயர் கொடுத்துச் சாதாரணம் என்று ஒதுக்கியவர், அடிவயிற்றிலிருந்து உடம்பையே குலுக்கிக்கொண்டு வருகிறவற்றை உயிரைக் கொண்டுபோகும் வகையில் சேர்த்தார். சிறுநீரகம் கெட்ட நோயாளியின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியும். மயிலிறகைச் சுட்ட சாம்பலைத் திப்பிலியோடு தேனில் குழைத்துக் கொடுப்பது சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் வழக்கம். இதில் முருகனுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தகவல் இல்லை.

ஆங்கில மருத்துவத்தில் கொடுக்கும் மருந்துகளின் ஜாதகம் விசித்திரமானது. ஒன்றுகூட விக்கலுக்கென்று பிறந்ததில்லை. பேக்லோஃபென் தசை இறுக்கத்துக்கு வந்தது, கேபாபென்டின் வலிப்புக்கு, மெட்டோகுளோப்ரமைடு வாந்திக்கு. விக்கலுக்கு என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை முறைப்படி அனுமதித்திருக்கும் ஒரே மருந்து குளோர்புரோமசின். 1950களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வந்த இந்த மருந்து பேர் வாங்கியது மனநோய் ஆஸ்பத்திரிகளில். விளைவு, மருந்துக்கடையிலிருந்து மகன் அட்டையோடு வந்ததும் வீட்டில் இப்படி ஒரு காட்சி.

"ஏண்டா, இது எதுக்குன்னு செல்லுல பாரு."

"விக்கலுக்குத்தாம்பா."

"வாசிடா."

"…மனச்சிதைவுன்னு போட்டிருக்கு."

"எனக்கா? விக்! அந்த டாக்டருக்கா?"

டாக்டர் மேல் தப்பில்லை. விக்கலைத் தூண்டிவிடும் மூளைப் பகுதியை அந்த மருந்து அமுக்குகிறது. கூடவே ரத்த அழுத்தத்தை இறக்கும், தூக்கத்தைக் கொண்டுவரும். அதனால் மருத்துவர் பார்வை இல்லாமல் தொடக் கூடாத மருந்து. இத்தனை மருந்துகளில் எது மேல்? காக்ரேன் என்னும் உலகளாவிய ஆய்வுக் குழு 2013இல் சலித்துப் பார்த்தது. விடாப்பிடி விக்கலுக்கு மாத்திரைகளை ஒழுங்காக ஒப்பிட்ட, நம்பத்தக்க ஆராய்ச்சி ஒன்றுகூட அந்தச் சல்லடையில் தங்கவில்லை. தங்கியவை நான்கும் அக்குபங்சர் ஆராய்ச்சிகள், அவையும் அரைகுறை. நாள்பட்ட விக்கல் அபூர்வமாகவே வருகிறது. நூறு நோயாளியைச் சேர்ப்பதே பெரும் பாடு. டெக்சாஸின் சான் அன்டோனியோ மருத்துவர் அலி சைஃபி, வால்வு வைத்த வளைந்த உறிஞ்சுகுழல் ஒன்றைச் செய்தார். அதன் வழியே தண்ணீரை உறிஞ்ச நெஞ்சுத் தசை முழுவதும் பாடுபட வேண்டும். பயன்படுத்திய 249 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் பலித்ததாக 2021இல் சொன்னார்கள். சொன்னவர்கள் பயன்படுத்தியவர்களே, பக்கத்தில் சும்மா விக்கிக்கொண்டிருக்க யாரையும் உட்கார வைக்கவில்லை. பெரியப்பாவின் ஏழு மடக்குக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும்.

இந்த வைத்தியங்கள் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் பார்த்துவிட்டவர் சார்லஸ் ஆஸ்பார்ன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஆந்தன் என்ற சிற்றூர்க்காரர். 1922இல் அறுப்பதற்கு இருந்த பன்றியை எடை போடத் தூக்க முயன்றபோது கீழே விழுந்தார். அடி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. விக்கல் தொடங்கியது. மூளையில் விக்கலை அடக்கிவைக்கும் ஊசிமுனை அளவு இடம் சேதமாகிவிட்டது என்று பின்னால் ஒரு டாக்டர் ஊகித்தார். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 40 விக்கல், வயதான பிறகு 20. ஊர் ஊராகக் கடிதங்கள் வந்தன; ஒவ்வொன்றிலும் ஒரு கைகண்ட வைத்தியம். நண்பர் ஒருவர் பின்னால் நின்றுகொண்டு வேட்டைத் துப்பாக்கியை வெடித்துப் பார்த்தார். ஆஸ்பார்ன் பயந்தார், விக்கல் பயப்படவில்லை. ஒரு மருத்துவர் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து நிறுத்தியே காட்டினார். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் விக்கலோடு மூச்சும் நின்றுவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். மேயோ கிளினிக்கில், விக்கலுக்கு நடுவே சீராக மூச்சு விட்டுச் சத்தத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த உருப்படியான வைத்தியம் அதுதான் என்று தோன்றுகிறது.

கின்னஸ் புத்தகம் அவர் விக்கலை 43 கோடி என்று மதிப்பிட்டது. நிமிடத்துக்கு 20 என்றே வைத்துக்கொண்டாலும், 68 வருடம் இரவு பகல் பெருக்கினால் 70 கோடியைத் தாண்டுகிறது. தூக்கத்தைக் கழித்துவிட்டார்கள் போலும். இத்தனைக்கும் நடுவில் அவர் இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டார், எட்டுப் பிள்ளைகள் பெற்றார், தொழில் பார்த்தார். முதுமையில் சாப்பாட்டை மிக்சியில் அரைத்துத்தான் விழுங்க முடிந்தது. பல்செட் வாயில் நிற்க மாட்டேனென்றது என்பதையும் கின்னஸ் மறக்காமல் குறித்திருக்கிறது.

1990 பிப்ரவரியில் விக்கல் நின்றது. தானாக. காரணம் எந்த டாக்டருக்கும் புரியவில்லை, 'நான் சொல்லலே' என்று சொல்லவும் ஆள் இல்லை. 1991 மே மாதம் ஆஸ்பார்ன் காலமானார். இடையில் கிடைத்த பதினைந்து மாதம் பல்செட் ஒழுங்காக நின்றிருக்க வேண்டும். அதைப் பற்றி கின்னஸ் ஒன்றும் சொல்லவில்லை.